எல்.எஸ். பெல்ட் உண்மையிலேயே வேலை செய்கிறதா? வீட்டிலேயே சோதிப்பது எப்படி?

கேள்வி: திண்டுக்கல் மாவட்ட வாசகி, 2024 மார்ச் 4

என் கணவருக்கு வயது 44. ஒட்டன்சத்திரத்திலிருந்து பாலக்காட்டுக்குக் காய்கறி ஏற்றிக்கொண்டு மினி லாரி ஓட்டுகிறார். தை மாதம் மூட்டை இறக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. டாக்டர் மாத்திரையும், இடுப்பைச் சுற்றிக் கட்டும் எல்.எஸ். பெல்ட்டும் எழுதிக் கொடுத்தார். பெல்ட் போட்ட பத்து நாளில் வலி பாதியாகக் குறைந்தது. "இனி ஆயுசுக்கும் இதைக் கழற்ற மாட்டேன்" என்கிறார். பெல்ட் போட்டே பழகினால் இடுப்பு பலம் போய்விடும் என்கிறார் மாமியார். துபாயிலிருக்கும் கொழுந்தன், முதுகில் ஒட்டிக்கொண்டால் கூன் போடும்போதெல்லாம் அதிரும் கருவி ஒன்றை வாங்கி அனுப்பியிருக்கிறார். எது பயன் தருகிறது என்று வீட்டிலேயே சோதித்துப் பார்க்க வழி உண்டா அண்ணா?

மார்ச் 5

வழி உண்டு தங்கச்சி. மதுரையில் ஆஸ்பத்திரிக்கு எதிரே உள்ள எலும்பு மருத்துவக் கருவிகள் கடையில் பெல்ட் அளவெடுத்து மாட்டிவிடுவதுதான் என் பிழைப்பு. "இது போட்டால் சரியாகிவிடுமா?" என்று கேட்காமல் யாரும் காசை எடுத்ததில்லை. அதனால் இந்தக் கேள்வி எனக்குப் பழக்கமானது.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். திடீரென்று வந்த இடுப்பு வலியில் பெரும்பாலானது சில வாரங்களில் தானாகவே தணியும். வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் டாக்டரிடம் போகிறோம், பெல்ட் வாங்குகிறோம். உச்சத்திலிருந்து இறங்குவது வலியின் இயல்பு. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். பெல்ட் போட்டவர் பெல்ட்டைப் புகழ்கிறார், எண்ணெய் தேய்த்தவர் எண்ணெயைப் புகழ்கிறார், சுளுக்கு எடுத்துக்கொண்டவர் வைத்தியரைப் புகழ்கிறார். மூவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் மூவரில் யாருக்கும் உண்மை தெரியாது.

எனவே பெல்ட் போட்ட நாளையும் போடாத நாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு நோட்டு வாங்குங்கள். காலையில் ஒரு நாணயத்தைச் சுண்டுங்கள். தலை விழுந்தால் பெல்ட், பூ விழுந்தால் இல்லை. அவராகத் தேர்ந்தெடுக்கக் கூடாது. தேர்ந்தெடுக்க விட்டால் வலி அதிகமான நாளில்தான் போடுவார், அப்புறம் கணக்கு குழம்பிவிடும். வலிக்கு எத்தனை மதிப்பெண் என்று மட்டும் எழுதினால் போதாது. இறங்கி நிற்காமல் எவ்வளவு தூரம் வண்டி ஓட்டினார், மூட்டையில் கை வைத்தாரா, வலி மாத்திரை போட்டாரா, இரவு புரண்டு படுக்கும்போது விழிப்பு வந்ததா என்று எழுதுங்கள்.

மார்ச் 5, இரவு

அவசரத்தில் விட்டுப்போனது, மேலே சொன்னதைவிட முக்கியமானது. சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலோ தெரியாமல் போனாலோ, மலம் அடக்க முடியாவிட்டாலோ, தொடைகளின் உட்புறமும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப்போனாலோ, கால் பலவீனமாகிக்கொண்டே வந்தாலோ நாணயமும் வேண்டாம், நோட்டும் வேண்டாம். அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரி. வால்பகுதி நரம்புக்கற்றை நசுங்குவதன் அடையாளம் அது. மணிக்கணக்கில் முடிவெடுக்க வேண்டிய விஷயம். வலியோடு காய்ச்சல், காரணமில்லாத எடைக் குறைவு, முன்பு புற்றுநோய் இருந்த வரலாறு, கீழே விழுந்த அடி, இவற்றில் எது இருந்தாலும் டாக்டர் பார்த்த பிறகுதான் பெல்ட்.

மார்ச் 9

"எப்படி மாட்டுவது என்று எழுதுங்கள்" என மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். தவறாக மாட்டிய பெல்ட்டைச் சோதித்துப் பயனில்லை என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பேண்ட் அளவு 36 என்று சொல்லி 36க்கான பெல்ட் வாங்கிப் போகிறவர்கள் அநேகம். பேண்டைத் தொப்பைக்குக் கீழே கட்டுகிறோம். பெல்ட்டோ தொப்புளைச் சுற்றி வருகிறது. இஞ்ச் டேப்பைத் தொப்புள் மட்டத்தில் சுற்றி, மூச்சை இயல்பாக விட்ட நிலையில் அளக்க வேண்டும். பின்பக்கம் தைத்திருக்கும் பட்டைகள் முதுகெலும்பின் இரு பக்கமும் சமமாக உட்கார வேண்டும், எலும்பின் மேலேயே ஏறக்கூடாது. கீழ் விளிம்பு இடுப்பெலும்பைக் கவ்வி நிற்க வேண்டும். மேலே ஏற்றிக் கட்டினால் விலாவைத்தான் பிடிக்கும், வலிக்கிற இடம் சும்மா கிடக்கும். கட்டியபின் பெல்ட்டுக்கும் வயிற்றுக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். உள்ளே மெல்லிய பருத்திப் பனியன் இருப்பது நல்லது.

இதெல்லாம் எந்தக் கடையிலும் சொல்வார்கள். சொல்லாத ஒன்று இருக்கிறது. கடையில் எல்லோரும் நின்றுகொண்டுதான் பெல்ட்டைப் போட்டுப் பார்க்கிறார்கள். மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் மல்லிகை கட்டும் அம்மா ஒருவர் பெல்ட்டைத் திருப்பிக் கொடுக்க வந்தார். "குத்துகிறது" என்பதற்கு மேல் அவரால் விளக்க முடியவில்லை. கடைத் தரையில் சாக்கு விரித்து, மார்க்கெட்டில் உட்காருவது போலவே உட்காரச் சொன்னேன். ஒரு காலை மடக்கி, மறு முழங்காலைச் செங்குத்தாக வைத்து, முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார். முன்பக்கத்து மடிப்பு தொடையில் முட்டியது, பெல்ட் முழுதும் மேலே தள்ளப்பட்டது, பின்பக்கத்துப் பட்டையின் மேல் நுனி விலாவுக்குக் கீழே பதிந்தது. பனியனைத் தூக்கிப் பார்த்தபோது அந்த இடத்தில் தோல் தடித்துச் சிவந்திருந்தது. அந்தப் பெல்ட் நாற்காலியில் உட்காருபவருக்காகச் செய்தது. தரையில் உட்கார்ந்து பிழைப்பவருக்கு அதைக் கொடுத்துவிட்டு, "பழகிப் போகும்" என்று சொல்வது அநியாயம். உயரம் குறைந்த, பட்டை வளையக்கூடிய பெல்ட்டை மாற்றிக் கொடுத்தேன். கூடவே உட்கார ஒரு சிறிய மணை போட்டுக்கொள்ளச் சொன்னேன். மணைதான் அவருக்கு அதிகம் உதவியது என்று பின்னால் சொன்னார்.

அன்றிலிருந்து யார் வந்தாலும் அவரவர் வேலை செய்கிற நிலையில் வைத்தே போட்டுப் பார்க்கச் சொல்கிறேன். கொத்தனார் என்றால் குத்துக்காலிட்டு உட்கார வேண்டும். தையல்காரர் என்றால் முன்னால் குனிய வேண்டும். உங்கள் வீட்டுக்காரர் லாரி சீட்டில் ஏறி, கிளட்சை மிதித்துப் பார்க்கட்டும்.

மார்ச் 16

மாமியார் சொன்னதைப் பற்றி. வாரக்கணக்கில் பெல்ட் அணிந்தவர்களின் தசை வலிமையை அளந்து பார்த்திருக்கிறார்கள். தசை கரைந்துபோகிறது என்று அடித்துச் சொல்லும்படி அவற்றில் எதுவும் கிடைக்கவில்லை. எனவே சில வாரம் போட்டதற்காக அவர் பயப்பட வேண்டாம்.

ஆனால் மாமியார் கவலையில் நியாயம் இருக்கிறது. நான் பார்க்கும் கேடு வேறு விதமானது. "பெல்ட் இல்லாமல் குனிந்தால் ஜவ்வு விலகிவிடும்" என்ற பயம் மனதில் ஏறிவிடுகிறது. வலி போன பிறகும் கீழே விழுந்த சாவியைப் பிள்ளையைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்கிறார்கள். குளிக்கும்போது பெல்ட் இல்லையே என்று சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். "ஆயுசுக்கும் கழற்ற மாட்டேன்" என்ற பேச்சில் எனக்குக் கேட்பது அந்தப் பயம்தான்.

மார்ச் 17

"எம்.ஆர்.ஐ.யில் ஜவ்வு பிதுங்கியிருக்கிறது என்று எழுதியிருக்கிறதே, பயப்படாமல் எப்படி இருப்பது?" என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்த ஆய்வுகளை 2015இல் தொகுத்தார்கள். இருபது வயதுக்காரர்களிலேயே 30 சதவீதம் பேருக்கு வட்டுப் பிதுக்கம் (வட்டு என்பது முதுகெலும்புகளுக்கு நடுவே உள்ள அதே ஜவ்வுதான்) இருந்தது, எண்பது வயதில் 84 சதவீதம். நரைமுடி மாதிரி இதில் பெரும்பகுதி வயதோடு வருவது. உங்கள் வலியும் படமும் ஒன்றோடொன்று பொருந்துகிறதா என்பதை டாக்டர் காலைத் தூக்கிப் பார்த்து, நரம்பைச் சோதித்துத்தான் சொல்ல முடியும்.

ஏப்ரல் 2

பெரிய அளவில் சோதித்தவர்கள் என்ன கண்டார்கள் என்று கேட்கிறீர்கள்.

அமெரிக்காவில் சுமை தூக்கும் வேலைக்காரர்களுக்கு நிறுவனங்களே பெல்ட் கொடுத்துப் போடச் சொன்ன காலம் ஒன்று இருந்தது. அங்குள்ள தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நயோஷ், காயம் வராமல் இது தடுக்கும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று 1994இல் அறிவித்தது. பிறகு 160 கடைகளில் சரக்கு கையாளும் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களைப் பின்தொடர்ந்து ஒரு ஆய்வு நடத்தி 2000இல் வெளியிட்டார்கள். பெல்ட் கட்டாயமான கடைகளிலும் விருப்பமான கடைகளிலும் முதுகுவலியில் வேறுபாடு இல்லை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2008இல் எல்லா ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தபோதும் தடுப்புக்குப் பெல்ட் உதவுவதாகத் தெரியவில்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டி, நாள்பட்ட இடுப்பு வலிக்குப் பெல்ட்டை வழக்கமான சிகிச்சையாகக் கொடுக்க வேண்டாம் என்றே சொல்கிறது. இழுவைச் சிகிச்சையும் அதே பட்டியலில் இருக்கிறது.

பெல்ட் விற்கிறவன் இதை எழுதலாமா என்று கடை முதலாளி கேட்டார். வலி இல்லாத சுமைதூக்கும் தொழிலாளி, பெல்ட் காப்பாற்றும் என்று நம்பிக் கூடுதலாக ஒரு மூட்டையைத் தூக்குகிறார். அதைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியாது என்றேன்.

ஏப்ரல் 3

நேற்று எழுதியதைப் படித்துவிட்டுக் கோவை ஃபிசியோதெரபிஸ்ட் ஒருவர் கடுமையாக எழுதியிருக்கிறார்: "அப்படியானால் எல்லாவற்றையும் குப்பையில் போட்டுவிடலாமா?" வேண்டாம். உலகச் சுகாதார நிறுவனம் பேசுவது மூன்று மாதத்தைத் தாண்டிய, குறிப்பிட்ட காரணம் பிடிபடாத வலியைப் பற்றி. அமெரிக்க ஆய்வு பார்த்தது வலி வராமல் தடுக்குமா என்பதை. நடுவில் ஒரு இடம் இருக்கிறது.

நெதர்லாந்தில் வீடுவீடாகச் சென்று முதியோரைப் பராமரிக்கும் 360 பணியாளர்களை வைத்து 2007இல் வெளியான சோதனை என் நினைவில் அடிக்கடி வரும். எல்லோருக்கும் ஏற்கனவே இடுப்பு வலி வந்துபோன வரலாறு உண்டு. வலி இருக்கிற அல்லது வரும் என்று தோன்றுகிற நாளில் மட்டும் பெல்ட் போடச் சொன்னார்கள். ஓர் ஆண்டில் பெல்ட் குழுவினருக்கு வலி இருந்த நாட்கள் சராசரியாக ஐம்பதுக்கும் மேல் குறைந்தன. ஆனால் மொத்த விடுப்பு நாட்கள் குறையவில்லை. பிரான்சில் 197 பேரிடம் நடத்திய 2009ஆம் ஆண்டுச் சோதனையில், வலி தொடங்கிச் சில வாரங்கள் ஆனவர்களுக்குப் பெல்ட்டால் வலியும் மாத்திரைத் தேவையும் குறைந்தன. ஆனால் யார் பெல்ட் போட்டிருக்கிறார் என்பது எல்லோருக்கும் தெரிந்தே நடந்த சோதனை அது. நம்பிக்கையின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாது.

இவை இரண்டையும் நயோஷ் ஆய்வையும் சேர்த்து வைத்தால், எனக்குக் கிடைக்கும் முடிவு இது: வலி இருக்கும் காலத்தில், வேலைக்குப் போக உதவுகிற அளவுக்கு, நாள் குறித்துப் போட்டுக்கொள்வது. உங்கள் நோட்டில் பெல்ட் போட்ட நாட்களில் அவர் அதிகம் நடமாடியிருந்தால் அது உதவுகிறது. வலி குறைந்தும் நடமாட்டம் குறைந்திருந்தால் உதவவில்லை.

ஏப்ரல் 21

தன் தாத்தாவுக்கு முதுகெலும்புக் காசநோய் வந்தபோது மார்பிலிருந்து இடுப்புவரை மாவுக்கட்டு போட்டுப் பல மாதம் படுக்க வைத்ததாகத் தேனிக்காரர் ஒருவர் எழுதியிருக்கிறார். அந்தக் காலத்து வழக்கம் அதுதான். அதை மாற்றியதும் ஒரு சோதனைதான். கொரியாவில் மாசான், பூசான் நகரங்களில் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நடத்திய ஆய்வுகள் 1973இல் வெளிவந்தன. காசநோய் மருந்தை ஒழுங்காகக் கொடுத்தால், படுக்கையில் கிடந்தவர்களைவிட நடமாடியவர்கள் எவ்விதத்திலும் பின்தங்கவில்லை. மாவுக்கட்டு போட்ட குழந்தைகளுக்கும் போடாதவர்களுக்கும் முடிவில் வித்தியாசமில்லை. குணப்படுத்தியது மருந்து. எத்தனை குழந்தைகள் வீட்டுக்குப் போய் விளையாட முடிந்திருக்கும் என்று நினைத்தால் நெஞ்சு நிறைகிறது.

சாதாரண இடுப்புப் பிடிப்புக்கும் அப்படித்தான். ஹெல்சிங்கி மாநகராட்சி ஊழியர்களிடம் நடத்தி 1995இல் வெளியான ஆய்வில், படுத்து ஓய்வெடுத்தவர்களையும் உடற்பயிற்சி செய்தவர்களையும்விட, முடிந்தவரை வழக்கமான வேலையைத் தொடர்ந்தவர்களே சீக்கிரம் தேறினார்கள்.

மே 11

கத்திரி வெயில். பெல்ட்டுக்கடியில் வியர்க்குரு என்று தினமும் ஆட்கள் வருகிறார்கள். மதியம் கழற்றித் துடைத்துக் காயவிடுங்கள். பவுடரை அப்பிக்கொண்டு மேலே இறுக்காதீர்கள். தூங்கும்போது வேண்டாம். சாப்பிட்டபின் தளர்த்துங்கள். குடலிறக்கம், கட்டுப்படாத ரத்த அழுத்தம், கர்ப்பம் என்றால் டாக்டரைக் கேட்காமல் இறுக்கிக் கட்டக்கூடாது.

மே 19

"அப்படியானால் என் மகளுக்குப் போட்டிருக்கும் பிரேசையும் கழற்றிவிடலாமா?" என்று பதின்மூன்று வயதுப் பெண்ணின் தாய் கேட்டிருக்கிறார். பிரேஸ் என்பது உடம்பைச் சுற்றிப் பிடிக்கும் கெட்டியான கவசம். தயவுசெய்து கழற்றாதீர்கள். உங்கள் மகளுக்கு இருப்பது வலி இல்லை, முதுகெலும்பு பக்கவாட்டில் வளையும் ஸ்கோலியோசிஸ். அது வேறு கணக்கு.

பிரேஸ் எல்லாவற்றையும் ஒரே தராசில் போட முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 25 மருத்துவ மையங்கள் சேர்ந்து, 20 முதல் 40 டிகிரி வரை வளைவிருந்த வளரிளம் பிள்ளைகளிடம் நடத்திய சோதனை 2013இல் வெளிவந்தது. எலும்பு வளர்ச்சி முடியும்வரை வளைவு 50 டிகிரியை எட்டாமல் இருந்தால் வெற்றி. பிரேஸ் போட்டவர்களில் 72 சதவீதம் பேருக்கு வெற்றி, வெறுமனே கண்காணிக்கப்பட்டவர்களில் 48 சதவீதம். பலன் தெளிவாகிவிட்டதால் சோதனையை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள்.

அதில் எனக்கு மிகவும் பிடித்தது, பிரேசுக்குள் வைத்த வெப்பம் உணரும் சிறு கருவி. உடம்போடு ஒட்டியிருந்தால் சூடு பதிவாகும், கழற்றி மூலையில் வைத்தால் அறை வெப்பம் பதிவாகும். பிள்ளை எத்தனை மணி நேரம் உண்மையில் போட்டிருந்தது என்று இப்படி அளந்தார்கள். நாளைக்குச் சுமார் 13 மணி நேரத்துக்கு மேல் அணிந்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் தப்பினார்கள். மிகக் குறைவாக அணிந்தவர்களின் நிலை, பிரேஸ் இல்லாதவர்களைப் போலவே இருந்தது.

ஆகவே அம்மா, பள்ளியில் மற்ற பிள்ளைகள் பார்க்கிறார்கள் என்று அவள் அழுதால் கோபித்துக்கொள்ளாதீர்கள். கஷ்டம் உண்மையானது. சீருடையை ஓர் அளவு பெரிதாகத் தைத்துக் கொடுங்கள். உராய்கிற இடத்தை உங்கள் பிரேஸ் செய்தவரிடம் காட்டுங்கள், சூடாக்கி வளைத்துச் சரிசெய்து தருவார். எத்தனை மணி நேரம் என்பதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஜூன் 8

துபாய்க் கருவியை மறந்துவிடவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்தால் வட்டு தப்பிக்கும் என்ற எண்ணத்தில்தான் அது அதிர்கிறது.

ஸ்வீடனைச் சேர்ந்த ஆல்ஃப் நாக்கம்சன் 1960களில் வட்டுக்குள்ளேயே ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தார். நிற்பதைவிட உட்காருவதில் அழுத்தம் அதிகம் என்று அவர் சொன்னதுதான் இன்றும் சுவரொட்டிகளில் இருக்கிறது. 1999இல் ஜெர்மனியின் உல்ம் நகரில் வில்க்கே குழுவினர் ஒருவரின் வட்டுக்குள் உணர்கருவி வைத்து மறுபடி அளந்தார்கள். நிற்கும்போது 0.5 மெகாபாஸ்கல் (அழுத்தத்தை அளக்கும் அலகு), சாயாமல் தளர்வாக உட்கார்ந்தபோது 0.46. நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தபோது அதைவிடவும் குறைவு! ஆனால் 20 கிலோவை முதுகை வளைத்துத் தூக்கியபோது 2.3, முழங்காலை மடக்கித் தூக்கியபோது 1.7. அதே 20 கிலோவை மார்போடு அணைத்துப் பிடித்தால் 1.1, கையை நீட்டித் தள்ளிப் பிடித்தால் 1.8.

ஒரே மனிதரின் அளவு என்பதை மறக்கக் கூடாது. ஆனாலும் லாரிக்காரருக்கு இது சொல்வது ஏராளம். சீட்டில் கொஞ்சம் சரிந்ததற்காக அதிரும் கருவி, தக்காளிப் பெட்டியைக் கைநீட்டி இழுக்கும்போது எந்த உதவியும் செய்யாது. பெட்டியை முதலில் வண்டி விளிம்புவரை இழுத்து, வயிற்றோடு அணைத்து, பிறகு தூக்கச் சொல்லுங்கள். இடுப்புக்குப் பின்னால் ஒரு துண்டைச் சுருட்டி வைத்துக்கொள்ளட்டும். பின்பாக்கெட் பர்ஸை முன்பக்கம் மாற்றட்டும். வண்டியின் அதிர்வும் இடுப்பு வலிக்கு ஒரு காரணம், அதனால் சீட்டின் ஸ்பிரிங் செத்துப்போயிருந்தால் அதை மாற்றுவது பெல்ட் செலவைவிட உருப்படியான செலவு.

ஜூன் 23

தங்கச்சி நோட்டைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். கையெழுத்து அவருடையது, நடுநடுவே எண்ணெய்க் கறை. இரண்டு முறை படித்தேன். வண்டி ஓட்டுவதில் பெல்ட் போட்ட நாளுக்கும் போடாத நாளுக்கும் வேறுபாடு இல்லை. சொல்லப்போனால் நீண்ட ஓட்டத்தில் பெல்ட் வயிற்றை அழுத்தியதாக இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறார். இறக்கும் வேலை இருந்த நாட்களில் மட்டும், பெல்ட் இருந்தபோது இரவு விழிப்பு குறைவாக இருந்திருக்கிறது. பின்பாதி நோட்டில் வலியே இல்லாத நாட்கள்தான் அதிகம், பெல்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

என் யோசனை: ஓட்டும்போது வேண்டாம். இறக்கும் வேலைக்கு மட்டும் இன்னும் கொஞ்ச நாள் வைத்துக்கொள்ளட்டும், அதையும் ஒரு நாள் விட்டு ஒரு நாளாகக் குறைக்கட்டும். தினமும் நடையும், ஃபிசியோதெரபிஸ்ட் சொல்லிக் கொடுத்த பயிற்சியும் நிற்கக் கூடாது. அவர் மறுபடி பயப்பட ஆரம்பித்தால் அந்தப் பின்பாதிப் பக்கங்களைத் திறந்து காட்டுங்கள், அவர் வாயால் சொல்லி நீங்கள் எழுதியதுதானே.

ஜூலை 14

அவர் இப்போது பெல்ட்டை எடுப்பதே அபூர்வம் என்று தங்கச்சி எழுதியிருக்கிறார். மகிழ்ச்சி. கூடவே, சும்மா கிடக்கும் அந்தப் பெல்ட்டை இடுப்பு வலிக்கிறது என்று சொல்லும் மாமியாருக்குக் கட்டிவிடலாமா என்றும் கேட்டிருக்கிறார்.

கட்ட வேண்டாம். அளவு பொருந்தாது என்பது ஒரு பக்கம். எழுபது வயது, உயரம் குறைந்துகொண்டு வருகிறது, தண்ணீர்க் குடத்தை இறக்கியதிலிருந்து நடுமுதுகில் வலி என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எலும்பு மெலிந்து முதுகெலும்பு நொறுங்கியிருக்க வாய்ப்பு உண்டு, அது நடுமுதுகு என்றால் இடுப்புப் பெல்ட் அந்த இடத்தைத் தொடக்கூட தொடாது. இந்த வாரமே திண்டுக்கல் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போய் எக்ஸ்ரே எடுங்கள், எலும்பு அடர்த்திப் பரிசோதனை தேவையா என்றும் கேளுங்கள். எக்ஸ்ரேயில் என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள். பிரேஸ் வேண்டும் என்று டாக்டர் சொன்னால், எந்த வகை என்று சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு, மாமியாரையும் கூட்டிக்கொண்டு கடைக்கு வாருங்கள். அளவெடுக்காமல் நான் கொடுக்க மாட்டேன்.